பொட்டலத்தில் எழுதாத சேதி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டுப் பெண் ஒரு துணிப்பையோடு மாடியேறி வந்தாள். விதைத் திருவிழாவுக்குப் போய்விட்டு நேரே வருகிறாள், வீட்டுக்குக்கூட இன்னும் போகவில்லை. பையைப் பாயில் கொட்டினாள். காகிதப் பொட்டலம், சின்ன பிளாஸ்டிக் கவர், செய்தித்தாளில் மடித்தது என்று எல்லாம் சேர்த்து 22. அதில் அவரை மட்டுமே ஐந்து வகை, சுரை மூன்று.

"அக்கா, இதுல எதை முதல்ல போடட்டும்?"

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தபடி நான் திருப்பிக் கேட்டேன்: "இதையெல்லாம் யார் கொடுத்தாங்க, என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" அவளுக்கு ஞாபகமில்லை. கூட்டம் அதிகம், பிள்ளை வேறு தூக்கத்துக்கு அழுதிருக்கிறான், வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று டீ ஆறும்வரை அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். மாடியில் நாலு பை வைத்திருப்பவர்கள், வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடம் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது இந்தத் திருவிழாக்களுக்குப் போகிறார்கள். போவது நல்லது. போய் எதை எடுத்துக்கொண்டு வருகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவரையை எடுத்துக்கொள்வோம். நாட்டுக் கொடியவரைக்குப் பகலின் நீளம் தெரியும். பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி வரை கொடி ஓடிப் பந்தலைப் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு பூத்து மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும். நான் தோட்டம் போட ஆரம்பித்த புதிதில், நல்ல நாட்டு அவரை ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் அதைத் தை மாதம் ஊன்றிவிட்டேன். கொடி என்றால் அப்படி ஒரு கொடி! தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, கேபிள் வயரைப் பிடித்துப் பக்கத்து வீட்டு மாடிக்கே போய்விட்டது. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று, ஒரு பூ இல்லை. உரம் போதவில்லையோ என்று மேலும் மேலும் போட்டேன். இலைதான் இன்னும் பெருத்தது. குறை உரத்திலும் இல்லை, விதையிலும் இல்லை, ஊன்றிய மாதத்தில் இருந்தது. சிறகவரையும் இதே குணம் உள்ளது. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்துச்செடி அவரை ரகங்கள் பல எந்த மாதத்திலும் காய்க்கும்படி உருவாக்கப்பட்டவை, அவற்றின் கணக்கு வேறு. பொட்டலத்தின் மேல் 'அவரை' என்று மட்டும் எழுதியிருந்தால் இதில் எது நம் கையில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கொடுத்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

அவள் கொண்டுவந்த ஐந்தில் ஒன்று மூக்குத்தி அவரை. அது அவரையே அல்ல, தாளிக்கொடியின் இனம். காம்போடு சேர்ந்து தடித்து மூக்குத்தி மாதிரி நிற்பதைப் பறித்துச் சமைக்கிறோம், பெயரும் அதனால் வந்தது. இதையும் திருவிழாவில் விதை கொடுத்தவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

விதைத் திருவிழாவைச் சந்தை மாதிரி நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும். வாசலில் நெற்கதிர்க் கற்றை கட்டித் தொங்கும். உள்ளே வரிசையாக மேசை, மேசைமேல் கிண்ணங்களில் விதை, காய்ந்த சுரைக்குடுக்கை, முற்றிய பீர்க்கங்கூடு. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் அந்த விதையைத் தன் நிலத்தில் போட்டு எடுத்தவர் இருப்பார். அநேகமாகக் கோடையில், ஆடிக்கு முன்னால் நடக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஊர்ப் பேச்சு. பட்டத்துக்கு முன்னால் விதை கைக்கு வந்தால்தானே பிரயோசனம்? மதியச் சாப்பாட்டு வேளையில் கூட்டம் குறையும். நான் அந்த நேரம் பார்த்துத்தான் போவேன். ஒரு மேசையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பேன்: எந்த மாதம் ஊன்றுவீர்கள், உங்கள் மண் எப்படி, விதைக்கு எந்தக் காயை விடுவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாதவரிடம் விதை வாங்குவதில்லை. அவர் அதை வேறு யாரிடமோ வாங்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தத் திருவிழாக்களைப் பற்றிப் பேசினால் நெல் ஜெயராமன் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தியவர். இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா என்று கிட்டத்தட்ட 170 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2018 டிசம்பரில் காலமானார். அவர் வைத்த ஏற்பாடு மிக எளிமையானது. திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள், அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கப் பார்க்க எனக்கு அதன்மேல் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. விதையைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது. வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குவதே அரிது. வருஷா வருஷம் யாராவது மண்ணில் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு ரகம் உயிரோடு இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற கடமை இருக்கும்போது வாங்கியவர் அதை டப்பாவில் போட்டு மறந்துவிட மாட்டார். நன்றாக விளைவிப்பார், திருப்பிக் கொடுக்க வரும்போது தன் வயலில் அது எப்படி வந்தது என்று சொல்லவும் செய்வார். விதை இரண்டு மடங்காகும்போது சேதியும் கூடுகிறது. காய்கறி விதைத் திருவிழாக்களில் இப்படிக் கண்டிப்பான கணக்கு கிடையாது. நாமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"சரிக்கா, திருப்பிக் கொடுக்கணும்னா விதை எடுக்கத் தெரியணுமே" என்றாள். தெரிய வேண்டும்தான். முதலில் பிஞ்சு நிற்க வேண்டும் அல்லவா, அதனால் சுரையிலிருந்து தொடங்கினேன்.

மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் புலம்புவது சுரையைப் பற்றித்தான்: பிஞ்சு விடுகிறது, இரண்டு நாளில் மஞ்சளாகி வெம்பி உதிர்கிறது. பூச்சி என்று நினைத்து மருந்தைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மகரந்தம் சேராதது. சுரையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண். அடியில் விரல்நுனி அளவுக்குக் குட்டிச் சுரைக்காய் இருந்தால் அது பெண். முதலில் சில நாள் ஆண் பூவாகவே பூக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுரைப்பூ விரிவது சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு. வெள்ளைப் பூ, இருட்டில் அந்துப்பூச்சிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? மூன்றாவது மாடிக்கு அந்துப்பூச்சி வருமா வராதா என்று சொல்ல முடியாது. அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் நாமே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட வேண்டும். பிஞ்சு நின்றால் இரண்டு மூன்று நாளில் தலை குனிந்து பருக்கத் தொடங்கும். பீர்க்கும் சாயங்காலப் பூதான். பரங்கி, பாகல் விடியற்காலையில் பூக்கும். காலையில் மட்டும் மாடிக்குப் போகிறவருக்குச் சுரை ஏன் நிற்கவில்லை என்பது கடைசிவரை பிடிபடாது. நான் இதைக் கற்றது புத்தகத்தில் அல்ல. ஒரு பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், சாயங்காலம் பயிற்சி முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது வேலியோரச் சுரையில் செய்து காட்டினார்.

விதைக்கு விடுகிற காயில் நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. நல்ல காயையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய சூம்பின காயை விதைக்கு விடுகிறோம். அதைத் தலைகீழாக்க வேண்டும். திடமான செடியில் நல்ல வடிவான காயை முதலிலேயே குறித்து, துணி கட்டி, பறிக்காமல் விட வேண்டும். பீர்க்கு கொடியிலேயே காய்ந்து ஆட்டினால் உள்ளே கலகலக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சுற்றி வழவழவென்று ஓர் உறை இருக்கிறது, அது முளைப்பைத் தடுத்து வைக்கும். பழத்தைப் பிசைந்து சாறோடு ஒரு டம்ளரில் இரண்டு நாள் வைத்தால் புளித்து மேலே ஏடு கட்டும், உறை கரைந்துவிடும். அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். தட்டில் பரப்பி நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வைக்கலாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் இதைச் செய்து பயனில்லை. அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போகும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு மாடியால் ஒரு ரகத்தைத் தனியாகக் காப்பாற்ற முடியாது. இதை அவளுக்கு இரண்டு தடவை சொன்னேன். மூன்று வகைச் சுரையையும் ஒரே பந்தலில் விட்டால் மகரந்தம் கலந்து, அடுத்த வருஷம் மூன்றும் இல்லாத ஏதோ ஒன்று வரும். ஒரே செடியிலிருந்து வருஷக்கணக்காக விதை எடுத்துக்கொண்டே போனால் சில பயிர்களில் தெம்பு குறைந்துவிடும். நான் குடுவைச் சுரையை வைத்துக்கொண்டு நீ நீளச் சுரையை வைத்துக்கொண்டால், தெருமுனை டீச்சர் வீட்டில் இன்னொன்று இருந்தால், நடுநடுவே மாற்றிக்கொண்டால், அதுதான் விதைத் திருவிழா. மண்டபம் தேவையில்லை. இப்படி மாற்றிக்கொள்வது சட்டப்படியும் நம் உரிமை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்க, திரும்ப விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட விவசாயிக்கு இடம் தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விற்பதற்கு மட்டும் அனுமதியில்லை.

திருவிழா வருஷத்துக்கு ஒரு நாள். மற்ற நாளில் எங்கே கற்பது? மாவட்டத்துக்கு மாவட்டம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கே.வி.கே. என்றால் எல்லோருக்கும் தெரியும். நாட்டில் முதல் கே.வி.கே. 1974இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று 700க்கும் மேல் இருக்கின்றன. மண்புழு உரம், காளான், தேனீ, மாடித்தோட்டம் என்று பயிற்சி நடத்துகிறார்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் உண்டு. கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் நம்மாழ்வார் உருவாக்கிய வானகத்தில் தங்கியே கற்கலாம். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். நோய் கண்ட இலையை ஒரு கவரில், தொட்டி மண்ணை ஒரு பிடி, பூச்சியிருந்தால் அதையும் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போங்கள். அந்த இலையைக் கையில் வாங்கிய பிறகு சொல்லித்தருபவரின் பேச்சே மாறிவிடும்.

கண்ணால் பார்த்துக் கற்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருக்கும். அதன் நடுவே அதே மாதிரி வெள்ளை மெழுகு இழை போர்த்திய, கொஞ்சம் பெரிய புழு ஒன்று சுறுசுறுப்பாக ஊர்ந்துகொண்டிருக்கும். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டின் குஞ்சு. தெரியாதவர்கள் பெரிய மாவுப்பூச்சி என்று அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். அடையாளம் சுலபம்: குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி மெதுவாக அசையும், இது ஓடும். 1989இல் இந்தோனேசிய நெல்வயல்களில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். இருபது இருபத்தைந்து பேர் வாரத்துக்கு ஒரு நாள் ஒரே வயலில் இறங்கி, எது தீங்கு செய்யும் பூச்சி, எது அதைத் தின்னும் பூச்சி என்று எண்ணிப் பார்த்து, வரைந்து, பேசி முடிவெடுப்பார்கள். நம் வேளாண் துறையும் அதே பெயரில் நடத்துகிறது. ஒரு தெருவில் ஐந்து மாடித்தோட்டம் இருந்தால் ஞாயிறுக்கு ஒரு மாடி என்று முறைவைத்து இதை நாமே செய்யலாம்.

டீ முடிந்தபோது இருட்டிவிட்டது. அவள் 22 பொட்டலத்திலிருந்து நாலை எடுத்துத் தனியே வைத்தாள்: ஒரு கொடியவரை, ஒரு சுரை, கத்தரி, தக்காளி. மீதியைத் தெருவில் யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம். அவரையிலும் சுரையிலும் பத்துப் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைக்கச் சொன்னேன். ஏழு முளைத்தால் ஊன்றலாம். கொடுத்தவர்கள் யாரென்று தெரிய, திருவிழா நடத்தியவர்களுக்குப் போன் போட்டாள். அவரை கொடுத்த பெரியவரின் ஊர் தெரிந்தது, நம்பரும் கிடைத்தது. பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்காமல் அப்படியே வைத்து, மேலே அவர் ஊரையும், கீழே 'ஆடி 18' என்றும் எழுதினாள். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக் காலியாக விட்டாள். அது எதற்கு என்றேன்.

"திருப்பிக் கொடுத்த தேதிக்கு, அக்கா."