சக்கையில் பிறக்கும் தாள், சுரங்கத்தில் பிறக்கும் கைப்பேசி

மின்கட்டண ரசீது முதல் வங்கிக் கணக்கு விவரம் வரை கைப்பேசிக்கே வந்துசேரும் இக்காலத்தில், தாள் என்றாலே வெட்டுண்ட மரம் என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு வழியாகக் காவிரிக்கரையை அடைந்தால், அது பாதி உண்மையே என்பது விளங்கும்.

பள்ளிபாளையத்தில் 1960இல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலையும், ஆற்றின் போக்கில் கரூர் மாவட்டக் காகிதபுரத்தில் இயங்கும், 1979இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் தைலமரம், சவுக்கு ஆகியவற்றோடு, சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையையும் கூழாக்குகின்றன. அரவைப் பருவம் முடிந்த பிறகும் ஆலை ஓட வேண்டுமாதலால், சக்கை மலைபோல் குவிக்கப்பட்டு, கெடாமலும் தீப்பற்றாமலும் இருக்க நீர் தெளித்து ஈரமாகவே வைக்கப்படுகிறது. அதிலுள்ள பஞ்சு போன்ற சோற்றுப்பகுதி தாளுக்கு உதவாது என்பதால், அது பிரிக்கப்பட்டுக் கொதிகலனில் எரிக்கப்படுகிறது.

ஆயினும் சக்கையை வெறும் கழிவென்று கருதுவது பிழை. சர்க்கரை ஆலைகளின் கொதிகலன்களுக்கு அதுவே எரிபொருள். அதைக் காகித ஆலை எடுத்துக்கொண்டால், ஈடாக நிலக்கரியோ நீராவியோ தர வேண்டியிருக்கிறது. எனவே மரம் தப்பினாலும் கரி எரிகிறது என்ற கணக்கைத் தாளை ஆதரிப்போர் பெரும்பாலும் சொல்வதில்லை. கூழை வேகவைக்கக் காஸ்டிக் சோடாவும், வெளுக்க வேதிப்பொருள்களும், ஒவ்வொரு கட்டத்திலும் ஏராளமான நீரும் தேவைப்படுவதால், இப்பகுதியில் தாளின் உண்மையான விலை மரத்தைவிடக் காவிரி நீரிலேயே அளக்கப்பட வேண்டும்.

மின்கருவியின் கணக்கோ வேறு வகையானது. திறன்பேசி ஒன்று தன் ஆயுளில் வெளிவிடக் காரணமாகும் கரிவளியில் பெரும்பங்கு, அது வாங்குபவர் கையை அடையும் முன்பே, சுரங்கத்திலும் சில்லுத் தொழிற்சாலையிலும் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மின்னேற்ற ஆகும் மின்சாரம், மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற நிலக்கரி உலைகளிலிருந்து வந்தாலும், ஒப்பீட்டளவில் சிறிதே. ஆகவே ஒரே கருவியை ஆறாண்டு பயன்படுத்துபவருக்கும், இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுபவருக்கும் உள்ள வேறுபாடு, சில நூறு தாள்களை மிச்சப்படுத்துவதால் ஈடாகாது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்: பழுதானபோது பேட்டரி கிடைத்ததா, பழுது நீக்க ஆள் இருந்தாரா?

எறியப்பட்ட பிறகு இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. பழைய நோட்டுப் புத்தகம் எடைக்குப் போய்ப் பொட்டலத் தாளாகிறது, அல்லது மீண்டும் கூழாகிறது. கைப்பேசியில் தாமிரமும் தங்கமும் இருப்பினும், அவை ஈயம் முதலிய நச்சுப் பொருள்களோடு பிணைந்திருப்பதால், கம்பியை எரித்தும் மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் ஊறவைத்தும் பிரிப்பவரின் நுரையீரலே அதற்கு விலையாகிறது. 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உண்டானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியாவில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் அப்பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. சிற்றூர்ப் பழைய இரும்புக் கடையிலோ, உடைந்த கைப்பேசி இன்றும் தகரத்தோடு தகரமாகவே எடைபோடப்படுகிறது.