வேதத்தை விசுவாசிப்பது என்றால் என்ன?



இந்த மருத்துவமனைக்காக நீங்கள் ஏறெடுக்கும் ஜெபங்களுக்கும், அன்போடு அனுப்பும் காணிக்கைகளுக்கும் முதலாவது நன்றி கூறுகிறோம். வழக்கமாக வார்டுகளில் நடைபெறும் ஊழியத்தைப் பற்றி எழுதுவேன். இம்முறை, அந்த வார்டுகளில் அடிக்கடி எழும்பும் ஒரு கேள்விக்கு விளக்கம் எழுத விரும்புகிறேன்.

"ஐயரே, நான் வேதத்தை விசுவாசிக்கிறவள். மருந்து சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. கேட்காமலேயே மாத்திரையை ஜன்னல் வழியே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இன்சுலின் ஊசியினால் உயிர் வாழும் ஒரு பிள்ளைக்கு அதை நிறுத்தினால், சில நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்து வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால், வலிப்பு நிற்காமல் தொடரக்கூடும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவக்கூடும். ஆகவே "வேதத்தை விசுவாசிக்கிறேன்" என்று நாம் சொல்லுவதன் பொருள் என்ன என்பது வேதபாட வகுப்போடு முடிந்துபோகிற காரியம் அல்ல. சிலருக்கு அது ஜீவமரணப் பிரச்சினை.

யாரை விசுவாசிக்கிறோம்?

ஞாயிறுதோறும் ஆலயத்தில் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணத்தை அறிக்கை செய்கிறோம். பிதாவை விசுவாசிக்கிறோம், குமாரனை விசுவாசிக்கிறோம், பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறோம். ஆனால் "வேதாகமத்தை விசுவாசிக்கிறேன்" என்ற ஒரு வரி அதில் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நிசேயா விசுவாசப்பிரமாணமும், ஆவியானவர் தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் பேசினார் என்றும், கிறிஸ்து வேதவாக்கியங்களின்படி எழுந்தார் என்றும் அறிக்கையிடுகிறது. ஆதித் திருச்சபை வேதத்தைக் குறைவாக மதித்ததினால் அப்படி எழுதவில்லை. வேதம் சாட்சி, அது சுட்டிக்காட்டுகிறவர் தேவன். சாட்சியை நம்புவதன் நோக்கமே, அது காட்டுகிறவரிடம் சேருவதுதான்.

நம் ஆண்டவரும் இதையே கண்டித்துச் சொன்னார். யோவான் 5-ஆம் அதிகாரத்தில், வேதவாக்கியங்களை அலசி ஆராய்ந்தும் தம்மிடத்தில் வர மனதில்லாதவர்களை அவர் சந்திக்கிறார். அவர்களுக்கு வசனம் மனப்பாடம். ஆனால் வசனம் யாரைக் குறித்துப் பேசுகிறதோ, அவர் எதிரே நின்றும் அறியவில்லை.

"விசுவாசி" என்பதற்குப் பழைய ஏற்பாட்டில் வரும் எபிரெயச் சொல்லும், நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் "ஆமென்" என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. உறுதியாயிருப்பது, நம்பிச் சாய்ந்துகொள்ளத்தக்கதாயிருப்பது என்ற கருத்து அந்த வேரில் இருக்கிறது. புஸ்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வதும், அதிலுள்ளதெல்லாம் உண்மை என்று வாயினால் ஒத்துக்கொள்வதும் அந்தச் சொல்லின் ஆழத்தை எட்டுவதில்லை. பேசுகிற தேவன்மேல் நம் முழு பாரத்தையும் வைத்து, அவர் சொல்லுகிற வழியில் நடப்பதே விசுவாசம்.

ஒரு வசனமா, முழு வேதமா?

வசனம் சொல்லுகிற எல்லாரும் வேதத்தை விசுவாசிக்கிறவர்கள் அல்லர். வனாந்தரத்திலே சோதனைக்காரன் 91-ஆம் சங்கீதத்தையே எடுத்துக் காட்டி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். சங்கீதம் பொய்யல்ல, அதை அவன் பயன்படுத்திய விதமே பொய். அப்போது இயேசு வேறொரு வசனத்தால் பதிலளித்தார். வேதத்தை வேதத்தினால் விளக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமோ?

மருந்து வேண்டாம் என்கிறவர்கள் பெரும்பாலும் யாத்திராகமம் 15:26-ஐச் சொல்லுகிறார்கள். கர்த்தர் குணமாக்குகிறவர் என்பது அங்கே சொல்லப்பட்ட சத்தியம். அதை முழு இருதயத்தோடு நம்புகிறோம். அதே கர்த்தர் எசேக்கியா ராஜாவுக்கு என்ன செய்தார் என்று பாருங்கள். ராஜா கண்ணீரோடு ஜெபித்தான். 15 ஆண்டுகள் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன, ஒன்றையொன்று தள்ளவில்லை.

புதிய ஏற்பாட்டிலும் அப்படியே. தீமோத்தேயுவின் வயிற்று வியாதிக்குப் பவுல் அக்காலத்துக் கைமருந்தொன்றைச் சொல்லுகிறார் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமு வியாதியாயிருந்தபடியால் அவனை மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அநேகரைச் சுகப்படுத்திய அப்போஸ்தலனின் உடன் ஊழியனே சுகவீனமாய்ப் பின்தங்கினான். அது யாருடைய விசுவாசக்குறைவு என்று பவுல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பவுலோடிருந்த லூக்காவோ ஒரு வைத்தியன்.

இன்னுமொரு காரியம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லுகிறவர்கள் யோபுவின் சிநேகிதர்களை நினைக்கட்டும். அவர்கள் சொன்னவற்றில் பல தனியே எடுத்தால் நல்ல வார்த்தைகளே. ஆயினும் புஸ்தகத்தின் முடிவில் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

ஒரு சொல் சுமத்திய பாரம்

வேதத்தைக் கவனமாய் வாசிக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தொழுநோயைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில், நாம் ஆலயத்தில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு "குஷ்டம்" என்று கூறுகிறது. ஆனால் அதே அதிகாரங்களை முழுவதும் வாசியுங்கள். அந்தத் தோஷம் வஸ்திரத்திலும், தோலிலும், வீட்டுச் சுவரிலும்கூட உண்டாகிறது! இன்று நாம் தொழுநோய் என்று அழைக்கும் வியாதி துணியிலோ சுவரிலோ வருவதில்லை. அங்குள்ள எபிரெயச் சொல் பலவிதமான சரும நோய்களையும், பூஞ்சைபோன்ற கறைகளையும் சேர்த்துக் குறித்தது. ஆசாரியன் மருந்து கொடுக்கவில்லை. சோதித்துப் பார்த்து, குணமானவனை மறுபடியும் பாளயத்துக்குள் சேர்த்துக்கொள்ள வழிசெய்தான்.

இதைப் பாராமல், தொழுநோயாளிகள் எல்லாரும் தேவசாபத்துக்கு உட்பட்டவர்கள் என்று அநேகர் எண்ணினார்கள். 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன் அதன் கிருமியைக் கண்டறிந்த பிறகும் அந்தப் பயம் நீங்கவில்லை. நம் நாட்டில் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டங்கள் 2019-ல்தான் திருத்தப்பட்டன. கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றில் ஒன்று.

அதே வேதத்தை வேறுவிதமாய் வாசித்தவர்களும் இருந்தார்கள். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு மனதுருகி, கையை நீட்டி, குஷ்டரோகியைத் தொட்டார். வார்த்தையினாலேயே சுகமாக்க வல்லவர் ஏன் தொட வேண்டும்? பல ஆண்டுகள் யாரும் தொடாத ஒரு மனிதனுக்கு அந்தத் தொடுதலும் தேவையாயிருந்தது போலும். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்தபின், மடங்கிப்போன அந்தக் கைகளைத் தம் கைகளில் எடுத்து ஆராய்ந்தார். விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி அற்றுப்போனதால் தீயிலும் ஆயுதத்திலும் அடிபட்டே அழிகின்றன என்று காட்டினார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மூடிய கைகளைத் திறக்கச் செய்தார். இன்று கூட்டு மருந்தை 6 அல்லது 12 மாதங்கள் ஒழுங்காய் உட்கொண்டால் இந்நோய் குணமாகிறது.

ஒரே வேதம்தான். ஒரு சாரார் அதிலிருந்து விலக்கிவைக்கக் கற்றார்கள். மற்றவர்கள் கிறிஸ்துவின் கையைப் பார்த்து, தொடக் கற்றார்கள். வேதத்தை விசுவாசித்தவர்கள் யார் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

கேட்பதும் செய்வதும்

கன்மலையின்மேல் வீடு கட்டினவன், வார்த்தையைக் கேட்டதோடு நின்றவன் அல்ல, கேட்டபடி செய்தவன் (மத்தேயு 7). பசித்தவனுக்கு ஆகாரம் கொடாமல் சமாதானத்தோடே போ என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார். 1900-த்தில் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஊழியம் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், அப்படிச் செய்தவர்களில் ஒருவர். அவர் நிறுவிய மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45-லிருந்து எடுக்கப்பட்டது. அந்த வசனம் இன்று அங்கே கட்டிடங்களாகவும் நர்சுகளின் கைகளாகவும் நிற்கிறது.

அன்பானவர்களே, உங்கள் சபைகளில் வியாதியஸ்தரைச் சந்திக்கச் செல்லும்போது மூன்று காரியங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, விசுவாசத்தோடு ஜெபியுங்கள். நம் தேவன் சுகமளிக்கிறவர். இரண்டாவது, மருந்தை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதேயுங்கள். வேளை தவறாமல் சாப்பிட அன்பாய் உதவுங்கள். மூன்றாவது, சுகம் வராதபோது யாரையும் குற்றப்படுத்தாமல் அருகில் உட்காருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த அந்த ஏழு நாட்களே அவர்கள் செய்த சிறந்த ஊழியம்.

மருந்து வாங்க வழியில்லாத ஏழை ஒருவருக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையும் வேதத்தை விசுவாசிப்பதன் ஒரு வடிவமே. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு, சத்திரக்காரன் கையில் இரண்டு பணமும் கொடுத்தான் அல்லவா? கர்த்தருடைய வார்த்தை நம் நாவில் மட்டுமல்ல, நம் கைகளிலும் வாசமாயிருப்பதாக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்