ரப்பரை எரித்து விண்வெளிக்குப் போனார்கள்!

ஈர விறகு பற்றாதபோது ஒரு துண்டு ஒட்டுப்பாலை அடுப்பில் போட்டிருப்பீர்கள். குப்பென்று பிடித்துக் கரும்புகையோடு எரியும். அப்படி ரப்பரை எரித்து மனிதன் விண்வெளிக்குப் போனான் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மொகாவே என்றொரு பாலைவன ஊர் உண்டு. 2004 ஜூன் 21ஆம் நாள், மைக் மெல்வில் என்ற விமானி 'ஸ்பேஸ்ஷிப்ஒன்' என்னும் சிறு கலத்தில் அங்கிருந்து கிளம்பினார். ஒரு விமானம் கலத்தைச் சுமந்து சென்று உயரத்தில் விட்டது. பிறகு ராக்கெட் பற்றிக்கொள்ள, கலம் 100 கிலோமீட்டர் உயரத்தைச் சற்றே தாண்டியது. தனியார் கலமொன்று மனிதனை விண்வெளிக்கு ஏற்றிச் சென்றது அதுவே முதல் முறை.

அதில் எரிந்தது செயற்கை ரப்பர். நம் பால்மரத்துப் பால் அன்று, பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. அதை எரியவைத்தது நைட்ரஸ் ஆக்சைடு. பல் வைத்தியர் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கிறாரே, அந்தச் 'சிரிப்பு வாயு'தான்!

இப்படியொரு விநோதக் கூட்டணி எதற்கு? உந்து சக்தியில் திரவ ஹைட்ரஜனே கெட்டிக்காரன். ஆனால் அதை மைனஸ் 253 டிகிரிக் குளிரில் காக்கவேண்டும். ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. வெடிமருந்து போன்ற திட எரிபொருளைப் பற்றவைத்தால் நடுவில் நிறுத்துவது மிகக் கடினம். ரப்பர் ராக்கெட்டிலோ வாயுக் குழாயை மூடினால் தீ அடங்கிவிடும். குறையும் உண்டு. ரப்பர் மெதுவாக எரியும். அதனால் மெழுகுவர்த்தி செய்யும் மெழுகைக்கூட விஞ்ஞானிகள் எரித்துப் பார்த்தார்கள். அது ரப்பரைவிட வேகமாக எரிந்தது.

சக்தி எவ்வளவு, சேமிக்க எளிதா, நினைத்தபோது நிறுத்த முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டாயிற்று. நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கையாளுகிறவனுக்கு என்ன ஆகும்?

2007 ஜூலையில் அதே மொகாவேயில் அந்த வாயுவைக் குழாயில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். ராக்கெட்டைப் பற்றவைக்கவே இல்லை. ஆயினும் வெடித்தது. மூன்று தொழிலாளர்கள் மாண்டனர், மூவர் காயமடைந்தனர். நெருப்பில்லாமலே அந்த வாயு தானே சிதைந்து கொதிக்கக்கூடியது. அதன் ஆபத்தைத் தொழிலாளர்களுக்குச் சரிவரச் சொல்லித் தரவில்லை என்று மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை குற்றம் கண்டு, நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது.

வாசகர்களே, பல் வைத்தியர் தரும் வாயுதானே என்ற பெயர் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. களைக்கொல்லி தெளிக்கும் கைகளுக்கு இந்தப் பாடம் புதிதா? போத்தலில் இருப்பது என்ன, அது மேலே பட்டால் என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது வேலை கொடுப்பவரின் கடமை.