மண்ணுக்கு அடியில் ஒரு நஷ்டம்

புயல் என்றால் அது கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் என்றுதான் தர்மபுரி மாவட்டப் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை. இவர்கள் பயந்ததெல்லாம் வறட்சிக்கு. கிணறு வற்றிய வருஷங்களில்தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் பிள்ளைகள் கிளம்பிப் போனார்கள்.

அவர்களைத் தண்ணீர் திரும்ப அழைத்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அங்கேயே நின்று கொட்டிவிட்டு, வலுவிழந்த பிறகும் மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் பக்கத்து மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. தர்மபுரி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 85 செ.மீ.தான். ஏற்காட்டு மலையில் விழுந்தது வாணியாற்றில் இறங்க, அணை நிரம்பி உபரி நீர் ஆற்றில் பாய்ந்தது.

"ஆத்துல தண்ணி வடியட்டும், அவசரப்பட்டு வராத சாமி" என்று வீட்டிலிருந்து போன் வந்தால் எந்தப் பிள்ளை வராமல் இருப்பான்? பொம்மிடியில் ரயில் இறங்கியும், சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாக பஸ் ஏறியும் வந்து சேர்வார்கள். வந்ததும் தேடுவது டிரங்குப் பெட்டியை. ரேஷன் கார்டு, பட்டா, கூட்டுறவுக் கடன் புத்தகம். நனைந்திருந்தாலும் எழுத்து தெரிந்தால் போதும். பிறகு காடு.

வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் தை, மாசியில்தான் வெட்டுக்கு வரும். கார்த்திகையில் கிழங்கு பருத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வயலில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகல் பிடிக்கும். தாள் பழுத்துச் சாய்வதற்குள் உள்ளே பாதி போயிருக்கும். மரவள்ளியும் அப்படித்தான். அழுகிவிடுமே என்று முன்கூட்டியே பிடுங்கினால் ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் பாயின்ட் குறைந்து விலை விழும். பிடுங்கினாலும் நஷ்டம், விட்டாலும் நஷ்டம்.

நிவாரணம் அறிவிக்கப்பட்டது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500. கணக்கெடுப்பவர்கள் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் சேதத்தை. 2018இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரத்தை யாராலும் எண்ணிவிட முடிந்தது. மஞ்சள் வயல் பச்சையாகவே நிற்கும். கணக்கெடுக்கும் நாளில் 33 விழுக்காடு என்பதை எதை வைத்துச் சொல்வது?

இன்னொன்று, எனக்கு ஆற்றாமையாக இருப்பது. பல குடும்பங்களில் பட்டா தாத்தா பெயரில் இருக்கும். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். பயிர் செய்வது குத்தகைக்காரர். அவர் பெயர் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ஏறியிருக்காது. பணம் யார் கணக்குக்குப் போகும்? வெளியூரில் இருந்தவர்கள் லீவு போட்டு வந்து கிராம நிர்வாக அலுவலகத்தில் நிற்பது இதற்காகத்தான். நாலு நாள் லீவு முடிந்தால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்.

கிழங்குப் பயிருக்கு ஒரே கணக்கெடுப்பு போதாது. வெள்ளம் வடிந்ததும் ஒரு முறை, தை மாதம் வெட்டும்போது மண்ணைக் கிளறிப் பார்த்து இன்னொரு முறை என்று அரசு விதியை மாற்ற வேண்டும். பயிர் செய்தவர் பெயரை அடங்கலில் ஏற்றும் வேலையை அடுத்த மழைக்கு முன்பே முடிக்க வேண்டும்.