தோட்டமும் அதன் ஆசிரியனும்

ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்று பதில் வரும். பதில் தப்பில்லை. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற அவர் 1848இல் இங்கு வந்து, தொட்டபெட்டாவின் அடிச்சரிவைப் புல்தரைகளும் பாத்திகளுமாக மாற்றினார். ஆனால் 'உருவாக்கியவர்' என்கிற ஒருமையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியன் என்பது ஓர் ஆள் அல்ல, அர்த்தங்கள் பெருகிவிடாமல் தடுத்து வைக்கிற ஒரு செயல்பாடு என்றார் ஃபூக்கோ. தோட்டத்தையும் அப்படி ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

பூங்காவின் மேல்விளிம்பில் ஒரு தோடர் மந்து இருக்கிறது. எருமை மேய்ந்த மலை பூங்காவானபோது மேய்த்தவர்கள் அதன் காட்சிப் பொருளானார்கள்.

இதே மெக்ஐவர்தான் 1860 முதல் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டார். உரித்த பட்டையைப் பாசியால் மூடி மறுபடி வளரவைக்கும் முறை அவர் பெயரில் நிற்கிறது. நடுவட்டத்தில் உழைத்த சீனக் கைதிகள், மலாய்க் கரையோரத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், பூங்காக் கதையில் வருவதில்லை. பிற்பாடு எட்கர் தர்ஸ்டன் அவர்களுடைய சந்ததியினரை அளந்து குறித்தார். ஆவணத்தில் ஒருவருக்குப் பெயர், மற்றவருக்கு அளவு.

திற்பரப்பில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் பேச வேண்டும்? 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. நம்மைச் சுற்றி நிற்கிற ரப்பர்க் காடும் அந்த வழியின் நீட்சிதான். பார்வையாளர் வராத பூங்கா.

இங்கே விடிவதற்கு முன்பே வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம்; குறைந்தால் சிரட்டை நிறையாது. வெட்டிய பட்டை ஒழுங்காக வளர்ந்தால்தான் சில வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். பட்டையை வளரவைப்பது மெக்ஐவர் செய்தால் அறிவியல். வெட்டுக்காரர் செய்தால் கூலிவேலை! இந்தப் பாகுபாடு மரத்தில் இல்லை, நம் எழுத்தில் இருக்கிறது.

பூங்காவை வெறுக்கச் சொல்லவில்லை. அழகு அழகுதான். ஆனால் அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் கத்தி பிடித்த கையின் அறிவையும் அறிவென்றே பதிவு செய்ய வேண்டும். இங்குள்ள நமக்கு ஆவணக்காப்பகம் தூரம்; வெட்டுக்காரர் வீடு நடக்கிற தூரம்தான்.