உங்களுக்குத் தெரியுமா? ஜில்லாப் பிரதிநிதியின் ஒரு வாக்கு

மாமல்லபுரத்துக் கடற்கரையும், இன்று சென்னையின் புறநகராகிவிட்ட ஆவடியும் ஒரு காலத்தில் ஒரே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை என்பதையும், அந்த ஆவடியிலேதான் 1955 ஜனவரியில், யூ. என். தேபர் தலைமையில், காங்கிரஸ் மகாசபையின் 60ஆவது மாநாடு கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது என்பதையும் நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். அவருடைய சீடர் காமராஜர்தாம் அப்போது ராஜ்யத்தின் முதன்மந்திரி.

அத்தகைய மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதி வெறும் பார்வையாளர் அல்லர். 1885இல் பம்பாயில் கூடிய முதல் மகாசபையின் 72 பேரும் பெரும்பாலும் தாமாகவே முன்வந்த கனவான்கள். சேலம் விஜயராகவாச்சாரியார் தலைமை வகித்த 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாடுதான், 50,000 ஜனங்களுக்கு ஒரு பிரதிநிதி என்று வரையறுத்து, தாலுகா ஊழியர்களுக்கும் மகாசபையின் வாசலைத் திறந்துவிட்டது.

அவ்வாறு தேர்வு பெற்றவருக்குத் தலைவரையே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. 1939இல், காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1,377 வாக்குகளையும், சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580 வாக்குகளையும் அளித்து, மேலிடத்தின் சித்தத்தை மீறியவர்கள், சரித்திரம் பெயர் சொல்லாத இந்த ஜில்லாப் பிரதிநிதிகளே. அவர்கள் செய்தவற்றுள் மிகத் துணிந்த காரியம் அதுவென்றே கருதுகிறேன். 2022 அக்டோபரில் மல்லிகார்ஜுன கார்கேயை 7,897 வாக்குகளால் தலைவராக்கியவர்களும் பிரதேசக் கமிட்டிப் பிரதிநிதிகள்தாம்.