நடுவயது எங்கே தொடங்குகிறது?

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம்; 2021ஆம் ஆண்டுச் சட்டமோ தனியார்துறையின் ஓய்வு வயதை 60 வரை உயர்த்தியது. சட்டமே ஓரிடத்தில் நிற்கவில்லை. உப்புவெளிக் கரையில் வலை இழுப்பவருக்கு இவற்றில் ஒன்றுமே பொருந்தாது: மாதச் சம்பளமும் இல்லை, ஓய்வுபெறும் நாளும் இல்லை. அவரைப் பொறுத்தவரை நடுவயதை ஆண்டுக் கணக்கால் அல்ல, பொறுப்பால்தான் அளக்க முடியும். 1980இல் இங்கு பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். யுத்தம் மூண்ட 1983இல் அவருக்கு 3 வயது, ஆழிப்பேரலையின்போது 24, யுத்தம் ஓய்ந்த 2009இல் 29. படிப்பு, தொழில், கல்யாணம் எல்லாம் பலருக்குத் தள்ளிப்போயின. அதனால் முட்டி வலி வரும் வயதிலும் பிள்ளை பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு 2022இன் பொருளாதார நெருக்கடி வேறு.

உடம்பு யுத்தத்துக்காகக் காத்திருக்காதே என்று கேட்கலாம். உண்மைதான். நாற்பதைத் தாண்டினால் கண்வில்லை இறுகும். வலை பொத்துபவர் கண்ணியைக் கையெட்டத் தள்ளிப் பிடித்துத்தான் பார்ப்பார். ஆனால் அந்த வெள்ளெழுத்து வெறும் கண்ணாடிச் செலவா, பிழைப்புக்கே வந்த ஆபத்தா என்பதைத் தீர்மானிப்பது கண்ணல்ல, வேலையை ஏற்க வீட்டில் ஆள் இருப்பதும் இல்லாததும். பொறுப்புதான் அளவு என்றால், இருபதிலேயே குடும்பம் சுமக்கும் மூத்த மகள்கள் இல்லையா? நிறையவே இருக்கிறார்கள். எனினும் கலியாணமா கடனா என்று முடிவெடுக்கையில் அவர்களுக்குக் கேட்க ஒரு பெரியவர் இருப்பார். நடுவயதுக்காரரிடம்தான் எல்லோரும் வந்து கேட்கிறார்கள்.